தோற்றோரின் நினைவும் நாவலும்: வைனோ லின்னாவின் பின்லாந்து முந்நூல் பற்றிச் சில குறிப்புகள்

ஒரு போருக்கு எப்பெயர் நிலைபெறுகிறது என்பது அப்போரில் யார் வென்றார் என்பதோடு தொடர்புடையது. 1918ஆம் ஆண்டு ஜனவரி இறுதியில் தொடங்கி மே நடுப்பகுதியில் முடிந்த பின்லாந்துப் போருக்கு வென்ற தரப்பு இட்ட பெயர் 'விடுதலைப் போர்' என்பது. தோற்ற தரப்பினர் அதனை 'வர்க்கப் போர்' என்று தம்முள் கூறிக்கொண்டனர். பாடநூலிலும், பாதிரியாரின் பிரசங்கத்திலும், பாதுகாப்புப் படையினரின் அணிவகுப்பிலும் முதலாவது பெயரே நான்கு தசாப்தங்களாக ஒலித்தது. 'உள்நாட்டுப் போர்' என்ற பெயர் அந்நாட்டின் பொதுவழக்கில் தயக்கமின்றி இடம்பெறத் தொடங்கியது 1960களிலேயாகும். இம்மாற்றத்தை ஏற்படுத்தியவற்றுள் ஒரு நாவல் முதன்மையான இடத்தைப் பெறுகின்றது என்பதே நமது கவனத்துக்குரியது. வரலாற்றாசிரியர்கள் செய்திருக்க வேண்டியதை ஒரு நெசவாலைத் தொழிலாளி செய்தார். எவ்வாறு செய்தார், எவ்விடத்தில் நின்றுவிட்டார் என்னும் இரண்டையும் இக்கட்டுரையில் நோக்குவோம்.

வைனோ லின்னா 1920ஆம் ஆண்டு தென்பின்லாந்தின் ஹாமே பிரதேசத்தில் உர்யலா என்னும் ஊரிற் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். தாயார் அயலிலிருந்த பண்ணையொன்றில் வேலைசெய்து குடும்பத்தைக் காத்தார். 1938இல் தம்பெரே நகருக்குச் சென்று ஃபின்லேசன் பருத்தியாலையிலே தொழிலாளியானார். 1941இல் சோவியத் ஒன்றியத்துக்கு எதிராகத் தொடங்கிய போரிலே போர்முனையில் நின்றார். முறையான உயர்கல்வி எதுவும் அவருக்கு வாய்க்கவில்லை. தம்பெரே நகரின் பொது நூல்நிலையமே அவரது பல்கலைக்கழகம். தோல்ஸ்தோயும் தாஸ்தாயெவ்ஸ்கியும் அவருக்கு அங்கேதான் அறிமுகமாயினர். அவர் எழுதிய முதல் இரு நாவல்களும் பெரிய வரவேற்பைப் பெறவில்லை. 1954இல் வெளிவந்த 'அறியப்படாத போர்வீரன்' அவரை ஒரே நாளிலே நாடறிந்தவராக்கியது. அதன்பின் ஹாமென்கீரோ என்னுமிடத்திற் பண்ணையொன்றை வாங்கிப் பயிர்செய்துகொண்டே 'இங்கே துருவ நட்சத்திரத்தின் கீழ்' என்ற முந்நூலை 1959, 1960, 1962 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்டார். இதற்குப் பின்னர் அவர் நாவல் எதுவும் எழுதவில்லை. 1992இல் மறைந்தார். அடுத்த ஆண்டு வெளியான இருபது மார்க்கா நாணயத்தாளிலே அவரது உருவம் பொறிக்கப்பட்டது. ஆலைத் தொழிலாளியை நாணயத்தாளில் ஏற்றிய அதே சமூகம் அவரது நாவலின் கூர்மையையும் சற்று மழுக்கி ஏற்றுக்கொண்டதோ என்ற ஐயத்துக்குப் பின்னர் வருவோம்.

முந்நூலின் நிலைக்களம் பென்தின்குல்மா என்னும் கற்பனைச் சிற்றூர். காலம் 1880கள் தொடக்கம் இரண்டாம் உலகப் போரின் பின்னான ஆண்டுகள் வரை. யுஸ்ஸி என்ற பண்ணையாள் தேவாலயக் குருமனைக்குச் சொந்தமான சதுப்பு நிலமொன்றைக் கொத்தி விளைநிலமாக்கி அங்கே கொஸ்கெலா என்னும் குடியிருப்பை உருவாக்குகிறான். விவிலியத்தின் படைப்பு வரலாற்றை நினைவூட்டும் நடையில் இது தொடங்குகின்றது. ஆனால் இங்கே படைப்பவன் கடவுளல்லன், மண்வெட்டி பிடித்த மனிதன். இந்த ஒரு தொனிமாற்றத்திலேயே நாவலின் உலகநோக்குப் பெருமளவு வெளிப்பட்டுவிடுகின்றது.

யுஸ்ஸியின் நிலவுரிமை எத்தகையது என்பதைச் சற்று விரிவாகவே நோக்க வேண்டும். பின்லாந்து 1809 வரை சுவீடனின் ஆட்சியிலும் அதன்பின் 1917 வரை ருஷ்யச் சாரின் கீழ்ச் சுயாட்சியுடைய பெருங்கோமகவாகவும் இருந்தது. நிலவுடைமையாளரிடமிருந்து காணித்துண்டொன்றைப் பெற்று, அதற்கான குத்தகையைப் பணமாக அன்றிப் பெரும்பாலும் வேலைநாட்களாகச் செலுத்திய 'தொர்ப்பாரி' எனப்பட்ட குத்தகைக் குடியானவர் தெற்கிலும் மேற்கிலும் பல்லாயிரக்கணக்கில் வாழ்ந்தனர். வாரத்திற் குறித்த நாட்கள் தன் உழைப்பும் குதிரையின் உழைப்பும் நிலக்காரருக்குச் சொந்தம். அறுவடைக் காலத்திலே தன் கதிர் வயலிற் காத்திருக்க நிலக்காரரின் கதிரை முதலில் அறுக்க வேண்டும். ஒப்பந்தங்கள் பல வாய்மொழியாகவே இருந்தன. நிலத்தைச் சீர்திருத்தியவன் குடியானவன், சீர்திருந்திய நிலத்தின் பெறுமதி உயர்ந்தபோது அதனைத் திருப்பியெடுக்கும் உரிமை மட்டும் உடைமையாளனுடையது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே மரவியாபாரமும் பாற்பண்ணையும் வளர்ந்து, காடும் புல்நிலமும் பண்டமாகியபோது இம்முரண்பாடு கூர்மையடைந்தது. பழைய நிலவுடைமை உறவின் ஓட்டுக்குள்ளே முதலாளித்துவத்தின் கரு வளர்ந்தது என்று இதனைக் கூறலாம். நாவலில், பழைய குருவானவரின் வாய்ச்சொல்லை நம்பிச் சதுப்பை வெட்டிய யுஸ்ஸியிடமிருந்து, புதிதாக வந்த குருவானவர் சல்பகாரியின் காலத்தில் வயலின் ஒரு பகுதி பறிக்கப்படுகின்றது. சல்பகாரி கொடியவர் அல்லர். மனச்சாட்சி உறுத்தும் பலவீனமான நல்லவர். அவரது மனைவி எல்லனோ, பின்னிய மொழியையும் பின்னிய மக்களையும் உயர்த்தவேண்டுமென்று இலட்சிய ஆவேசத்தோடு பேசுபவர். அம்மக்களுள் ஒருவனுடைய வயலே தமக்கு வேண்டியதாகும்போது அந்த இலட்சியம் அவருக்குத் தடையாக இருப்பதில்லை. தேசியவாதத்தின் வர்க்க எல்லையை இதைவிடச் சுருக்கமாகக் காட்டிய காட்சிகள் நவீன நாவலிலக்கியத்திற் பலவில்லை.

லின்னா காட்டும் வெளியேற்றங்களும் வெறுங்கற்பனையல்ல. உர்யலாவுக்கு அண்மையிலுள்ள வெசிலாத்தியில் லவுக்கோ பெரும்பண்ணையின் குடியானவர் வேலைநிறுத்தம் செய்ததையடுத்து 1906-07 காலப்பகுதியிற் குடும்பங்கள் பல, கடுங்குளிர்காலத்தில், பொலிசாரின் துணையோடு வீடுகளிலிருந்து அகற்றப்பட்டன. அதே 1906இல் ஐரோப்பாவிலேயே முதன்முறையாகப் பெண்களுக்கும் வாக்குரிமை வழங்கிய பாராளுமன்றச் சீர்திருத்தம் அந்நாட்டில் நிறைவேறியது. 1907 தேர்தலிலே சமூக சனநாயகக் கட்சி இருநூறு இடங்களில் எண்பதை வென்றது. 1916இல் 103 இடங்களைப் பெற்று அறுதிப் பெரும்பான்மையையும் எய்தியது. வாக்குப்பெட்டியில் வெல்கின்ற வர்க்கம் வயலிலிருந்து விரட்டப்படுகின்றது. ஏட்டிலுள்ள உரிமைக்கும் வாழ்வின் உண்மைக்கும் இடையிலான இந்த இடைவெளியே 1918க்கு இட்டுச்சென்றது. 1917இல் உணவுத் தட்டுப்பாடும், ருஷ்ய இடைக்கால அரசாங்கம் பாராளுமன்றத்தைக் கலைத்தமையும், இருதரப்பும் ஆயுதந்தாங்கிய காவற்படைகளை அமைத்தமையும் இறுதி உந்துதலைக் கொடுத்தன.

போரின் போக்கை விவரிப்பது இங்கு அவசியமன்று. செங்காவலர் தெற்கின் நகரங்களையும் ஆலைப்பகுதிகளையும் கைப்பற்றினர். செனற் சபை மேற்குக் கரையின் வாசாவுக்குச் சென்றது. மன்னர்ஹைமின் வெண்படை ஏப்பிரல் 6இல் தம்பெரேயைப் பிடித்தது. அதே மாதம் ஜேர்மனியப் படை ஹெல்சிங்கியைப் பிடித்தது. ஆனால் மனங்கொள்ள வேண்டிய உண்மை ஒன்றுண்டு. ஏறத்தாழ முப்பத்தொரு இலட்சம் மக்கள் வாழ்ந்த நாட்டிலே 36,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுட் பெரும்பாலோர் செந்தரப்பினர், மிகப்பலர் களத்தில் மாண்டவர்களல்லர். செந்தரப்பு நடத்திய கொலைகளுக்கு ஏறத்தாழ ஆயிரத்தைந்நூறு பேர் பலியாயினர். வெண்தரப்பின் பழிவாங்கலுக்குப் பலியானோர் தொகை அதனைப் பன்மடங்கு விஞ்சியது. ஏறத்தாழ 80,000 பேர் சிறைமுகாம்களில் அடைக்கப்பட, அவர்களிற் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் பசியாலும் நோயாலும் மடிந்தனர். வசந்தமும் கோடையும் கழிவதற்குள் இது நிகழ்ந்து முடிந்தது. கொல்லப்பட்ட செங்காவலர் பலர் திருநிலைப்படுத்தப்படாத மண்ணில், காட்டோரத்திலும் மணற்குழிகளிலும் ஒன்றாகப் புதைக்கப்பட்டனர். அவர்களுக்காகப் பகிரங்கமாக அழுவதே அரசியற் குற்றத்துக்கு ஒப்பானதாயிற்று. உயிரிழப்பின் அளவைவிட, துக்கங்காக்கும் உரிமை மறுக்கப்பட்டமையே தலைமுறைகளைக் கடந்து நீடித்த காயம்.

லின்னாவின் இரண்டாம் பாகம் இக்காயத்தையே தொடுகின்றது. யுஸ்ஸியின் மூத்த மகன் அக்செலி செங்காவற்படைப் பிரிவொன்றின் தலைவனாகிறான். அவனது தம்பியர் அலெக்சி, அகுஸ்த் இருவரும் தோல்வியின்பின் உயிரிழக்கின்றனர். ஊரின் தொழிலாளர் சங்கத்தை நிறுவிய தையற்காரர் ஹல்மே, வன்முறையை வெறுத்தவராயிருந்தும், சுட்டுக்கொல்லப்படுகிறார். அக்செலி சிறைமுகாமில் மரணத்தின் வாயில்வரை சென்று மீள்கிறான். ஆசிரியர் தோற்றோரைப் புனிதராக்கவில்லை. செங்காவலரின் கொலைகளையும் அவர் மறைப்பதில்லை. வீட்டிலிருந்து விரட்டப்பட்ட லவுரிலா குடும்பத்தின் வன்மம் எவ்வாறு பழியாக மாறுகின்றது என்பதைக் காரண காரியத்தோடு காட்டுகிறார். அதிகாரபூர்வ வரலாறு 'ருஷ்யப் போல்ஷெவிக்குகளால் மயக்கப்பட்ட கீழ்மக்களின் வெறி' என்று கூறிவந்ததை, 'முப்பதாண்டு வேலைநாட்களின் கணக்கு' என்று நாவல் மாற்றியெழுதியது. ருஷ்யா அந்நாவலிலே தொலைவிற் கேட்கும் ஓசையாகவே உள்ளது. சதுப்பு நிலமே அருகிலுள்ளது.

இங்கு ஒரு சுவையான முரண் கவனிக்கத்தக்கது. லின்னா மகனைப் பற்றி முதலில் எழுதினார், தந்தையைப் பற்றிப் பின்னர் எழுதினார். 'அறியப்படாத போர்வீரன்' நாவலில் வரும் அமைதியான அதிகாரி கொஸ்கெலா, அக்செலியின் மகன் வில்ஹோ ஆவான். அந்நாவலில் அவனது தந்தை செங்காவலர் என்பது குறிப்பாகவே வந்துபோகின்றது. அந்தக் குறிப்பின் பின்னால் என்ன இருந்தது என்று கேட்டுக்கொண்டு, எழுபதாண்டு பின்னோக்கிச் சென்று எழுதப்பட்டதே முந்நூல். எனவே இது கடந்த காலத்தை அலங்காரமாகக் கொண்ட சரித்திர நாவலன்று. நிகழ்காலத்தின் ஒரு வினா கடந்த காலத்தைத் தேடிச்சென்றதன் விளைவு. சரித்திர நாவல் பற்றிய தமது நூலிலே லூகாக்ஸ் வற்புறுத்துவதும், நிகழ்காலத்தின் முன்வரலாறாகக் கடந்த காலத்தைக் காணும் இப்பார்வையையே. பெருந்தலைவர்கள் நாவலின் ஓரத்திலேயே நிற்கின்றனர். நடுவில் நிற்போர் குடியானவரும் கூலியாட்களும்.

காதலைப் பற்றியும் ஒரு வார்த்தை கூற வேண்டும். அக்செலிக்கும் எலினா கிவிவூரிக்கும் இடையிலான காதலை விமர்சகர் சிலர் வரலாற்றுக் கதைக்கு இட்ட இனிப்புப்பூச்சாகக் கருதுவதுண்டு. நாம் அவ்வாறு கொள்ளவில்லை. குடியானவன் ஒருவன் பெண்ணை மணக்க வேண்டுமாயின் அவளைக் குடியமர்த்த ஒரு வீடு வேண்டும். அந்த வீடோ பிறரின் சொல்லில் தொங்குகின்றது. ஆகவே கர்வமும் கூச்சமும் மிக்க அந்த இளைஞனின் அன்பு, நிலவுரிமை பற்றிய கோபத்திலிருந்து பிரிக்க முடியாததாகின்றது. சொத்துறவுகள் மனித உணர்வின் அகத்தே எவ்வாறு ஊடுருவுகின்றன என்பதைக் கோட்பாடாகக் கூறுவது எளிது. ஒருவன் தான் விரும்பும் பெண்ணின் முன்னால் வாய்திறக்க முடியாமல் நிற்கும் நிலையிற் காட்டுவது அரிது. நமது முற்போக்கு எழுத்துகள் பலவற்றிற் காதல் ஒருபுறமும் போராட்டம் ஒருபுறமுமாகக் கிடப்பதைக் கண்டு சலித்த வாசகர் இப்பகுதியைக் கவனித்துப் படித்தல் நன்று.

நம்பிக்கை, அதாவது மத நம்பிக்கை, இந்நாவலில் இருவகையாக இயங்குகின்றது. கொஸ்கெலா குடும்பத்தின் நிலக்காரர் ஒரு பிரபு அல்லர், குருமனையே. ஞாயிறன்று பிரசங்கிக்கும் அதே வாய் திங்களன்று வேலைநாட்களைக் கணக்கிடுகின்றது. லூதரன் திருச்சபை அரசின் திருச்சபையாகவும் நிலவுடைமை நிறுவனமாகவும் இருந்தமையின் விளைவு இது. 1918இல் திருச்சபை பெரிதும் வெண்தரப்பிலேயே நின்றது. அதன் விலையை அது பல்லாண்டுகள் தொழிலாளர் குடும்பங்களின் புறக்கணிப்பாகச் செலுத்தியது. அதே வேளை, அல்மாவினதும் பின்னர் எலினாவினதும் இறைபக்தி குருமனைக்குச் சொந்தமானதன்று. பறித்துக்கொள்ள முடியாத ஒரே உடைமையாக அது அப்பெண்களிடம் எஞ்சுகின்றது. மதம் குறித்த மார்க்ஸின் கூற்றிலே போதைப்பொருள் பற்றிய பகுதியை மட்டும் மனப்பாடஞ் செய்துகொண்டோர், ஒடுக்கப்பட்டோரின் பெருமூச்சு பற்றி அவர் அதற்கு முன் கூறுவதை மறந்துவிடுகின்றனர். லின்னா மறக்கவில்லை. அவர் மதத்தை நியாயப்படுத்தவுமில்லை, ஏளனஞ் செய்யவுமில்லை. யாருடைய கையில் அது ஆயுதம், யாருடைய நெஞ்சில் அது மருந்து என்று பிரித்துக் காட்டுகிறார். பழைய பின்னிய தேசிய இலக்கியம் பொறுமையும் இறையச்சமும் உள்ள ஏழைக் குடியானவனைப் போற்றி வந்தது. 1830இல் ருனெபெர்க் சுவீடிஷ் மொழியில் எழுதிய கவிதையொன்றில் வரும் பாவோ, உறைபனி பயிரை அழித்த போதெல்லாம் மரப்பட்டையை மாவிற் கலந்து உண்டு மீண்டும் உழுபவன். 1867-68 பெரும்பஞ்சத்தில் மக்கட்டொகையில் ஏறத்தாழ எட்டு வீதத்தினர் மாண்டபின்னரும் அப்படிமம் பள்ளிக்கூடங்களில் வாழ்ந்தது. பாவோவின் நிலத்துக்கு யார் சொந்தக்காரர் என்று அக்கவிதையைப் படித்த கனவான்கள் கேட்கவில்லை. லின்னா கேட்டார்.

தையற்காரர் ஹல்மேயும் இவ்வகையில் முக்கியமானவர். சோசலிசத்தோடு பிரமஞான சபைக் கருத்துகளையும் தாவர உணவுக் கொள்கையையும் குழைத்துக்கொண்ட அவரைப் பார்த்து நகைக்கத் தோன்றும். ஊரவரும் நகைக்கின்றனர். ஆனால் இது ஆசிரியரின் விசித்திரக் கற்பனையன்று. பின்னியத் தொழிலாளர் இயக்கத்தின் தொடக்ககாலத் தலைவருள் ஒருவரான மத்தி குரிக்கா பிரமஞானவாதியாகவே இருந்தவர். 1901இல் கனடாவின் மேற்குக் கரையிலே சொயின்துலா என்ற இலட்சியக் குடியேற்றத்தை நிறுவ முயன்றவர். மதத்தை விட்டு வெளியேறிய மனிதன் வெறுமையிற் போய் நிற்பதில்லை, இன்னொரு நம்பிக்கையின் மொழியிலேதான் விஞ்ஞானத்தையும் முதலிற் கற்கிறான் என்ற உண்மையை இப்பாத்திரம் உணர்த்துகின்றது. சிரிப்புக்கிடமான அந்த மனிதர் மரணத்தை எதிர்கொள்ளும் நிதானம் நாவலின் மிக உயர்ந்த பகுதிகளில் ஒன்று.

இரண்டாம் பாகம் வெளியானபோது எழுந்த விவாதம் இலக்கியப் பக்கங்களோடு நின்றுவிடவில்லை. பொருளாதார வரலாற்றறிஞர் எய்னோ யுத்திக்கலா போன்றோர் குத்தகைக் குடியானவர் பற்றிய சித்திரிப்பைக் குறைகூறினர். ஆனால் மறுப்பதற்கும் ஆதாரம் தேவைப்பட்டது. ஆதாரம் தேடத் தொடங்கியதும் பூட்டியிருந்த பெட்டிகள் திறந்தன. யாக்கோ பாவொலாய்னன் 1966இல் செந்தரப்பின் பயங்கரம் பற்றியும் 1967இல் வெண்தரப்பின் பயங்கரம் பற்றியும் 1971இல் சிறைமுகாம்கள் பற்றியும் நூல்களை வெளியிட்டார். வில்யோ ரசிலா குடியானவர் பிரச்சினையையும் போரின் சமூகப் பின்னணியையும் ஆராய்ந்தார். தொழிலாளர் வாய்மொழி நினைவுகளைத் திரட்டும் குழு 1960இல் அமைந்தது. 1960களின் நடுப்பகுதியில் பின்லாந்து இலக்கியக் கழகமும் 1918 பற்றிய நினைவுகளைச் சேகரித்தது. முகாம்களில் அடைக்கப்பட்டிருந்து அன்றுவரை உயிரோடிருந்த பதினோராயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு 1973இல் அரசு இழப்பீடு வழங்கியது. நாவல் மட்டுமே இவையனைத்துக்கும் காரணம் என்று கூறுதல் கருத்துமுதல்வாதமாகும். போருக்குப் பின் இடதுசாரிகளின் சட்டபூர்வமான செயற்பாடும், தொழிற்சங்கங்களின் வலிமையும், கைத்தொழில் வளர்ச்சியும் உண்டாக்கிய புதிய வர்க்கச் சமநிலையே அடித்தளம். ஆயினும் அவ்வடித்தளத்தின்மேல் முதற்குரலாக ஒலித்தது நாவலே. எட்வின் லாய்னே 1968இலும் 1970இலும் அதனைத் திரைப்படமாக்கியபோது அக்குரல் எழுத்தறிவு எல்லையையும் கடந்தது.

ஆய்வுகள் வளர்ந்தபோது நாவலுக்கு எதிரான ஒரு வாதமும் வலுப்பெற்றது. செங்காவற்படையிற் பெரும்பான்மையினர் குத்தகைக் குடியானவர் அல்லர், ஆலைத் தொழிலாளரும் நிலமற்ற கூலியாட்களுமே என்பது அவ்வாதம். தரவுகள் இதனை ஆதரிக்கின்றன. அப்படியாயின் அக்செலியை மையமாக வைத்த லின்னா வரலாற்றைத் திரித்தாரா? நமது கருத்தில் இல்லை. எண்ணிக்கையிற் பெரும்பான்மையாக இருப்பதும் வகைமாதிரியாக இருப்பதும் ஒன்றல்ல. ஒரு காலத்தின் முரண்பாடுகள் எந்த மனிதனின் வாழ்விலே முழுமையாகச் சந்திக்கின்றனவோ அவனே வகைமாதிரி. நிலத்தை ஆக்கியும் அதனை உடைமையாகக் கொள்ளாத, உழைப்பாளியாகவும் சிறுவுடைமையாளனாகும் ஆசைகொண்டவனாகவும் ஒருசேர வாழ்ந்த குடியானவனிடமே அவை சந்தித்தன. எனினும் இந்தத் தெரிவுக்கு லின்னா ஒரு விலையைக் கொடுத்தார் என்பதையும் மறைக்கலாகாது. 1918 அக்டோபரில் நிறைவேறிய சட்டம் குடியானவர் தமது காணியை விலைகொடுத்து வாங்க வழிசெய்தது. அக்செலியும் காலப்போக்கிற் சுதந்திர விவசாயியாகிறான். இயக்கத்திலிருந்து ஒதுங்கித் தன் வயலோடு வாழ்கிறான். நாவலின் நாயகனுக்கு வரலாறு ஒரு தீர்வு வைத்திருந்தது. நிலமற்ற கூலியாளுக்கு அத்தீர்வு இருக்கவில்லை. மூன்றாம் பாகத்தில் அந்தக் கூலியாள் பின்னணிக்குச் சென்றுவிடுவது தற்செயலானதன்று. எழுத்தாளரின் பார்வை நிலம் பெற்றவனோடு வீட்டுக்குள் சென்று கதவைச் சாத்திக்கொள்கின்றது.

மூன்றாம் பாகத்தின் முடிவு குறித்தும் நமக்கு இதே கருத்துண்டு. 1939 முதல் 1944 வரையான போர்களில் அக்செலி-எலினா தம்பதியரின் ஆண்மக்கள் மூவர் மாள்கின்றனர். வில்ஹோ, எவ்வரசு தன் தந்தையை முகாமில் அடைத்ததோ அவ்வரசின் அதிகாரியாக இறக்கிறான். போர்முனையில் இறந்தோரை ஊருக்குக் கொண்டுவந்து தேவாலய முற்றத்திலே வீரர் கல்லறைகளில் அடக்குவது பின்லாந்தின் வழக்கம். ஒரே குடும்பத்தின் இரு தலைமுறை இறப்புகள் இப்போது எதிரெதிரே வைக்கப்படுகின்றன. சிற்றப்பர்களின் உடலை ஏற்க மறுத்த திருநிலை மண் மகன்மாரை மரியாதையோடு ஏற்கின்றது. 1940இல் மன்னர்ஹைம், வெண்படை வெற்றி விழாவாகக் கொண்டாடப்பட்ட மே 16ஐ நீக்கி, மே மாத மூன்றாம் ஞாயிறை இருதரப்பிலும் இறந்த அனைவரின் நினைவு நாளாக்கினார். அதே ஆண்டு ஜனவரியில் முதலாளிகளின் அமைப்பு தொழிற்சங்கங்களைப் பேச்சுவார்த்தைத் தரப்பாக முதன்முறை ஏற்றுக்கொண்டது. சலுகைகள் வெற்றுச் சலுகைகள் அல்ல. ஆனால் அவை எந்த நாணயத்தில் விலைகொடுத்துப் பெறப்பட்டன என்பதை எலினா அறிவாள். நாவல் இங்கே இரு குரலிற் பேசுகின்றது. ஒரு குரல், மூன்று மகன்மாரின் குருதியால் ஒரு வர்க்கம் தேசத்தினுள் அனுமதிக்கப்பட்டது என்று சமாதானங் கூறுகின்றது. பின்லாந்தின் நடுத்தர வர்க்கம் விரும்பிக் கேட்டதும் நாணயத்தாளில் அச்சிட்டதும் அந்தக் குரலையே. மற்றக் குரல், துதிப்பாடலைப் பற்றிக்கொண்டு வீட்டினுள் அமர்ந்திருக்கும் தாயினுடையது. அது எந்தச் சமாதானத்திலும் கையொப்பமிடவில்லை. இந்த இரண்டாங் குரல் இருப்பதனாலேயே முந்நூலை இணக்க இலக்கியம் என்று தள்ளிவிட முடியாது. இடதுசாரி விமர்சகர் சிலர் அவ்வாறு தள்ளியது அவசரமான தீர்ப்பு என்றே நாம் கொள்கிறோம்.

நாவல் ஏறக்குறைய முழுமையாகவே மௌனம் சாதிக்கும் பக்கமொன்றும் உண்டு. அதைப் பற்றி முற்போக்குத் தரப்பினராகிய நாமும் நெடுங்காலம் மௌனமே சாதித்தோம். தோல்வியின்பின் செந்தரப்பினர் ஆயிரக்கணக்கில் எல்லை கடந்து சோவியத் ருஷ்யாவுக்குச் சென்றனர். அவர்களுள் ஒருவர் எட்வர்ட் கில்லிங். குத்தகைக் குடியானவர் முறையின் வரலாற்றைச் சுவீடிஷ் ஆட்சிக்காலத்திலிருந்து ஆராய்ந்து 1909இல் நூலாக வெளியிட்ட அறிஞர், பாராளுமன்ற உறுப்பினர், 1918இன் செந்தரப்பு அரசாங்கத்தில் நிதிப்பொறுப்பு வகித்தவர். கொஸ்கெலா போன்ற குடியிருப்புகளின் பொருளாதாரத்தை அவரைவிட நன்கறிந்தவர் அக்காலத்தில் மிகச் சிலரே. 1920இலிருந்து சோவியத் கரேலியாவுக்குத் தலைமைதாங்கி அங்கே பின்னிய மொழிப் பள்ளிகளையும் பண்பாட்டையும் வளர்த்தார். 1935இற் பதவியிலிருந்து அகற்றப்பட்டார். 1938இல், ஸ்டாலினின் பயங்கரத்தின் உச்சத்தில், சுட்டுக்கொல்லப்பட்டார். அவரோடு கரேலியாவின் பின்னியர் பலரும் கொல்லப்பட்டுக் காட்டுக்குழிகளிற் புதைக்கப்பட்டனர். பென்தின்குல்மாவிலிருந்து தப்பி எல்லை கடந்த ஒருவனின் வரலாறு எழுதப்பட்டிருந்தால் நான்காம் பாகமொன்று கிடைத்திருக்கும். அதன் கல்லறைகளும் திருநிலைப்படுத்தப்படாத மண்ணிலேதான் இருந்திருக்கும், துப்பாக்கியைப் பிடித்த கை மட்டுமே வேறு. கில்லிங்கின் பெயர் ஸ்டாலின் மறைந்த பின்னரே துடைக்கப்பட்டது. குடியானவர் பற்றிய அவரது ஆய்வோ வெண்தரப்பு வென்ற நாட்டின் நூல்நிலையங்களில் அத்தனை ஆண்டும் அடுக்கிலேயே இருந்தது.